அப்பாரு டில்லரை எடைக்குப் போடாதீங்க!

சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளிக் காட்டோரம் பழைய பவர் டில்லர் ஒண்ணு சும்மா நிக்குதா? 1967-ல் மிட்சுபிஷி கூட்டோடு பெங்களூருவில் தொடங்கிய வி.எஸ்.டி. நிறுவனத்து வண்டியாக்கூட இருக்கலாம். எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சு பாருங்க.

டேங்க் காலியாகி நின்ன டீசல் இன்ஜின்ல, டீசல் லைனுக்குள்ள காற்று புகுந்திருக்கும். டீசல் அவ்வளவா அமுங்காது, காற்று அமுங்கும். அதனால பம்ப் தள்ளினாலும் இன்ஜெக்டர் திறக்காது. புது டீசல் ஊத்தி, ஃபில்டரை மாத்தி, ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்துங்க. குமிழி நின்னு டீசல் மட்டும் வந்ததும் இறுக்குங்க.

ஆயில், தண்ணி, நியூட்ரல் பார்த்துட்டு ஹேண்டிலைப் பிடிங்க. கட்டைவிரல் மத்த விரல்கள் பக்கமே இருக்கணும். சுத்திப் பிடிச்சா, இன்ஜின் திருப்பி அடிக்கும்போது எலும்பு முறியலாம். வண்டியை ரிப்பேர் பண்ணிடலாம், விரல் முக்கியம்.