நல்ல விளக்கைத் தேர்ந்தெடுப்போம்

பாலிங் வட்டார ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டுவோர் விடியும் முன்பே எழுந்து புறப்படுவர். மாலையில் பிள்ளைகள் படிக்கவும் வெளிச்சம் வேண்டும். ஆகவே, விளக்கின்றி இருக்க இயலாது. ஆனால், அதற்கு ஆகும் மின்சாரத்தைக் குறைக்கலாம்.

பழைய குண்டு பல்பு, மெல்லிய இழையைச் சூடாக்கி ஒளி தருகிறது. அது பெறும் மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாக வீணாகிறது. எனவே, 2014ஆம் ஆண்டுக்குள் அதன் விற்பனையை நிறுத்த மலேசிய அரசு திட்டமிட்டது. அதே ஆண்டில், நீல எல்.இ.டி.யை உருவாக்கிய, ஜப்பானில் பிறந்த மூவருக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அக்கண்டுபிடிப்பே இன்றைய வெள்ளை எல்.இ.டி. விளக்குகளுக்கு வழிவகுத்தது.

60 வாட் குண்டு பல்பு தரும் ஒளியை ஏறக்குறைய 9 வாட் எல்.இ.டி. விளக்கு தந்துவிடும். நாள்தோறும் 5 மணி நேரம் எரிந்தால், 30 நாளில் குண்டு பல்புக்கு 9 யூனிட் மின்சாரம் செலவாகும், எல்.இ.டி. விளக்குக்கு 1.35 யூனிட் போதும். ஐந்து விளக்குகளை மாற்றினால் மாதம் 38 யூனிட் மிச்சமாகும்.

கடையில் விலையை மட்டும் பார்க்கக்கூடாது. பெட்டியில் உள்ள ‘வாட்’ செலவாகும் மின்சாரத்தையும் ‘லூமன்’ கிடைக்கும் ஒளியையும் காட்டும். குறைந்த வாட்டில் கூடுதல் லூமன் தரும் விளக்கே சிக்கனமானது. படிக்கும் மேசைக்கும் தையல், பட்டறை போன்ற வேலையிடங்களுக்கும் 4000 கெல்வின் அளவிலான வெள்ளொளி ஏற்றது. படுக்கையறைக்கு 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான மஞ்சள் ஒளி இதமளிக்கும்.

இன்றிரவு உங்கள் வீட்டில் அதிக நேரம் எரியும் விளக்கு எதுவெனப் பாருங்கள். அதையே முதலில் மாற்றப் பெற்றோரிடம் எடுத்துக் கூறுங்கள்.