இரவு மின்சாரமும் இரண்டு கடிகாரங்களும்

பிரிட்டனில் வாடகைக்கு வீடு எடுக்கும் ஒருவர், மாடிப்படியின் அடியிலோ வாசலருகே உள்ள சிறு பெட்டியிலோ இருக்கும் மின்சார மீட்டரைத் திறந்து பார்க்கையில், ஒரே எண்வரிசைக்குப் பதிலாக இரண்டு எண்வரிசைகள் தனித்தனியே ஓடக் கண்டால், அவ்வீடு பெரும்பாலும் 'எகானமி 7' என்னும் இருவிகிதக் கட்டண முறைக்கு உட்பட்டது என்று அனுமானித்துக்கொள்ளலாம். 1978-ல் அறிமுகமான இம்முறையின் தத்துவம் எளியது. நிலக்கரி நிலையங்களையும் அணுமின் நிலையங்களையும் இரவில் அணைத்துக் காலையில் மூட்டுவது செலவும் சிரமமும் மிகுந்த காரியம். ஆகவே ஊர் உறங்கும் ஏழு மணி நேரத்தில் மின்சாரத்தைக் குறைந்த விலைக்குத் தந்து, அதை வாங்கிச் சேமித்துவைத்துப் பகலில் பயன்படுத்திக்கொள்ளும்படி குடும்பங்களைத் தூண்டினார்கள். அந்த அனுகூலத்துக்குப் பிரதியாகப் பகல் நேரத்து யூனிட்டின் விலை, சாதாரண ஒருவிகித முறையில் இருப்பதைக் காட்டிலும் உயர்த்தி வைக்கப்பட்டது. இரவு விலையைக் கண்டு மகிழ்ந்து பகல் விலையை நோக்காமல் விடுகிறவர்களே இம்முறையில் நஷ்டமடைகிறவர்களுள் பெரும்பான்மையோர் என்பது என் அபிப்பிராயம்.

ஒருவிகிதமா, இருவிகிதமா என்று நிர்ணயிப்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். பகல் விலையிலிருந்து ஒருவிகித விலையைக் கழித்து, வரும் தொகையைப் பகல் விலைக்கும் இரவு விலைக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால், மொத்த உபயோகத்தில் எவ்வளவு பங்கு இரவில் நிகழ்ந்தால் இரண்டு முறைகளும் சமமாகும் என்பது தெரிந்துவிடும். உதாரணத்துக்கு ஒருவிகித விலை 25 பென்ஸ் என்றும், இருவிகிதத்தில் பகலுக்கு 30, இரவுக்கு 17½ பென்ஸ் என்றும் கொள்வோம்: ஐந்தைப் பன்னிரண்டரையால் வகுக்க 40 சதவீதம் வருகிறது. நூறு யூனிட்டில் நாற்பதுக்கு மேல் இரவில் செலவழிக்கும் குடும்பத்துக்கு இருவிகிதம் லாபம். அதற்குக் குறைந்தால் நஷ்டம். நாள்தோறும் வசூலிக்கும் நிலைக்கட்டணம் இரண்டுக்கும் ஒன்றாக இருந்தால் மட்டுமே இக்கணக்கு சுத்தமாகப் பொருந்தும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நாற்பது சதவீதம் என்பது கேட்பதற்குச் சுலபமாகத் தோன்றலாம். ஆனால் ஏழு மணி நேரம் என்பது ஒரு நாளின் 29 சதவீதந்தான். இரவும் பகலும் ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும் ஃபிரிட்ஜ்கூட அந்தப் பங்குக்கு மேல் இரவில் உண்பதில்லை. அடுப்பும் விளக்கும் தொலைக்காட்சியும் மாலையில் இயங்குவன. ஆகையால், வேண்டுமென்றே இரவுக்கு மாற்றப்பட்ட ஒரு பெரிய சுமை இல்லாத வீடு அந்த எல்லையை எட்டுவது அரிது. வாஷிங் மெஷினையும் டிஷ்வாஷரையும் நள்ளிரவில் ஓடவிட்டால் எட்டிவிடலாம் என்று சிலர் யோசனை கூறுவார்கள். அவற்றால் வரும் சில யூனிட்டுகள் கணக்கை அதிகம் அசைப்பதில்லை. தவிர, வீட்டார் உறங்குகையில் இத்தகைய சாதனங்களை ஓடவிடலாகாதென்று தீயணைப்புத் துறையினர் திரும்பத் திரும்ப எச்சரித்து வருகிறார்கள். ஈஸ்ட்ஹாமிலும் வெம்பிளியிலும் வாழும் நம்மவருக்கு இட்லி மாவரைக்கும் கிரைண்டரை இரவு ஒரு மணிக்குப் போட்டால் என்ன என்ற சபலம் எழக்கூடும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் அந்த மிச்சத்தைவிட அண்டை வீட்டாரின் நட்பு விலைமதிப்புடையது.

உண்மையில் இருவிகித முறை யாருக்காகப் பிறந்ததோ அவர்கள், எரிவாயு இணைப்பில்லாமல் மின்சாரத்தையே கொண்டு வீட்டைச் சூடேற்றுகிறவர்கள். ஸ்டோரேஜ் ஹீட்டர் என்பது உள்ளே கனமான செங்கற்களை அடுக்கிய ஒரு பெட்டி. 3.4 கிலோவாட் திறனுள்ள பெரிய ஹீட்டர் ஏழு மணி நேரத்தில் ஏறக்குறைய 24 யூனிட்டை விழுங்கிக் கற்களைச் சுடச் செய்து, அந்த உஷ்ணத்தை மறுநாள் முழுவதும் மெல்ல மெல்ல அறைக்குள் விடுகிறது. இத்தகைய ஹீட்டர் இரண்டு மூன்று உள்ள வீட்டில், குளிர்காலத்தில் இரவுப் பங்கு எளிதாக மிகுந்துவிடும். அவற்றுடன் தண்ணீர்த் தொட்டியின் அடியில் பொருத்திய இம்மெர்ஷன் ஹீட்டரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இதுவரை கூறியதெல்லாம் விலையைப் பற்றியது. விலையைக் காட்டிலும் முக்கியமானதாக நான் கருதுவது, மலிவு நேரம் எப்பொழுது தொடங்குகிறது என்ற விஷயம். ஏழு மணி நேரம் என்பது நிச்சயமே தவிர, அது எந்த ஏழு மணி நேரம் என்பது பிராந்தியத்துக்குப் பிராந்தியமும் மீட்டருக்கு மீட்டரும் மாறுபடும். நள்ளிரவு 12:30 முதல் காலை 7:30 வரை என்பது வழக்கமான ஏற்பாடுகளில் ஒன்று. ஆனால் அந்த 12:30 யாருடைய கடிகாரத்தில் என்று கேட்பவர்கள் சிலரே. பழைய மீட்டர்களில் பெரும்பாலானவை ஆண்டு முழுவதும் கிரீன்விச் நேரத்தையே அனுசரிப்பவை. பிரிட்டனோ 1916 முதல் கோடைதோறும் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைக்கும் தேசம். மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று வீட்டிலுள்ள கடிகாரங்களெல்லாம் முன்னேற, மீட்டர் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்க, மலிவு நேரம் வீட்டார் கணக்கில் இரவு 1:30 முதல் காலை 8:30 வரை என்றாகிவிடுகிறது. அக்டோபர் கடைசி ஞாயிறு வரை இதே நிலைதான்.

இதன் விளைவு சிறியதென்று எண்ண வேண்டாம். 120 லிட்டர் தண்ணீரை 15 பாகையிலிருந்து 60 பாகைக்கு உயர்த்த ஆறேகால் யூனிட் வேண்டும்; 3 கிலோவாட் இம்மெர்ஷன் ஹீட்டருக்கு அது இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட வேலை. வீட்டார் தம் டைமரை உள்ளூர்க் கோடை நேரப்படி 12:30-க்கு வைத்திருந்தால், முதல் ஒரு மணி நேரம், அதாவது ஏறக்குறையப் பாதி வேலை, உயர்ந்த பகல் விலையில் நடந்துவிடுகிறது. மலிவு நேரம் தொடங்கி ஒரு மணி நேரம் சற்றுக் கடப்பதற்குள் தண்ணீர் வேண்டிய அளவு சூடேறி ஹீட்டர் தானே நின்றுவிடுகிறது. ஏழு மாதங்கள் இவ்வாறு நடந்தும் பில்லில் எந்த அறிகுறியும் தோன்றாது. மறுபுறம், இதே விசித்திரத்தால் கோடைக்காலத்துக் காலைச் சமையல் எட்டரை மணி வரை மலிவு விலையில் நடக்கிறது என்ற அனுகூலமும் உண்டு. டைமரை ஆண்டு முழுவதும் இரவு இரண்டு மணிக்கு வைத்துவிடுவதே இதற்கு உத்தமமான பரிகாரம். அப்பொழுது குளிர்காலத்திலும் கோடையிலும் அது மலிவு நேரத்துக்குள்ளேயே விழும்.

கோடை நேரத்தால் வரும் பேதமாவது ஒழுங்கானது. பழைய டைம் சுவிட்சுகளில் நேரும் பிசகுக்கு ஒழுங்கே கிடையாது. மீட்டரின் பக்கத்தில் தனிப் பெட்டியாக இருக்கும் இக்கடிகாரம் மின்சாரத்தாலேயே ஓடுவது. மின்தடை நேரும்போது ஓடுவதற்கென ஸ்பிரிங்கோ பேட்டரியோ உண்டு. அது தேய்ந்துபோனபின், ஒவ்வொரு மின்தடையும் கடிகாரத்தைத் தன் அளவுக்குப் பின்தள்ளிவிட்டுப் போகும். அவ்வாறு பல ஆண்டுகளில் சேர்ந்த தாமதத்தால், மலிவு நேரம் விடியலைக் கடந்து முற்பகலுக்குள் புகுந்துவிட்ட வீடுகள் உண்டு. ஹீட்டர்களின் இணைப்பும் அதே சுவிட்சைச் சார்ந்திருந்தால் தவறு ஒருவிதத்தில் சமனாகிறது: தாமதமாகச் சூடேறினாலும் மலிவு விலையிலேயே ஏறும். ஹீட்டருக்குத் தனி டைமர் இருந்தாலோ இரண்டு கடிகாரங்களும் இரண்டு திசையில் செல்ல, பணம் இடையில் கசிகிறது.

இதைத் தவிர்க்கவே 1980-களில் வானொலி மூலம் மீட்டர்களுக்கு ஆணை அனுப்பும் ஏற்பாடு வந்தது. பி.பி.சி. ரேடியோ 4 நிலையத்தின் நெட்டலை ஒலிபரப்பில், கேட்பவர் காதுக்குத் தெரியாதவாறு அலையின் கட்டத்தைச் சிறிதே மாற்றி, அதன் மூலம் நேரக் குறிப்புகளையும் ஆணைகளையும் அனுப்பினார்கள். 198 கிலோஹெர்ட்ஸில் வுஸ்டர்ஷயரின் டிராய்ட்விச்சிலிருந்தும் ஸ்காட்லாந்தின் இரு நிலையங்களிலிருந்தும் சென்ற இவ்வலை, செய்தி கேட்கும் பெரியவரின் அறையையும் அவர் வீட்டு ஹீட்டரையும் ஒரே சமயத்தில் எட்டியது. அழகான ஏற்பாடு; ஆனால் அதன் கருவிகள் முதுமையடைந்தன. 2025 ஜூன் 30 முதல் பிரதேசம் பிரதேசமாக அதைப் படிப்படியாக நிறுத்தத் தீர்மானித்தார்கள். ஆணை வராத மீட்டர் ஹீட்டரை எப்பொழுதும் எரியவிடலாம், எப்பொழுதும் அணைத்து வைக்கலாம், தவறான வேளையில் சூடேற்றலாம். 'டெலிசுவிட்ச்' என்று எழுதிய கறுப்புப் பெட்டி இன்னும் சுவரில் இருப்பவர் கட்டண ஒப்பீட்டில் இறங்குவதற்கு முன், மின்சார நிறுவனத்திடம் மாற்று மீட்டருக்கு நாள் கேட்பதே முறை.

எந்த மீட்டராயினும் அதன் கடிகாரத்தைச் சோதிக்கும் வழி கடினமானதன்று. மலிவு நேரம் தொடங்குவதாகச் சொல்லப்படும் மணிக்கு ஒன்றரை மணி முன்னதாக இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டு, 2 கிலோவாட் அறை ஹீட்டரை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, இரண்டையும் மறுபடி குறிக்க வேண்டும். தொடங்கிய பின்னும் அவ்வாறே செய்ய வேண்டும். முதல் சோதனையில் ஓர் எண்ணும் இரண்டாவதில் மற்றோர் எண்ணும் நகர்ந்தால் கடிகாரம் ஒழுங்காயிருக்கிறது. இச்சோதனையில் வேறோர் உண்மையும் வெளிப்படும்: எந்த எண் இரவுக்குரியது என்பது. சில மீட்டர்களில் முதல் வரிசை இரவு, சிலவற்றில் அது பகல். நிறுவனம் மாறும்போது இரண்டும் இடம் மாறிப் பதிவாவது அபூர்வமன்று. ஹீட்டர் ஏதுமில்லாத வீட்டுக்குப் பகலைவிட இரவு உபயோகம் மிகுதி என்று பில் சொன்னாலோ, ஸ்டோரேஜ் ஹீட்டர் உள்ள வீட்டுக்கு அதன் நேர்மாறு சொன்னாலோ, சந்தேகிக்கத் தாமதிக்கலாகாது. தன் பிழையால் விட்டுப்போன தொகையை நிறுவனம் பின்னர் கேட்க நேர்ந்தால், பன்னிரண்டு மாதங்களுக்கு முந்தைய உபயோகத்துக்குக் கேட்கக்கூடாதென்று 2018 முதல் விதியுண்டு.

இனி ஸ்மார்ட் மீட்டர். இதன் கடிகாரம் தொலைத்தொடர்பின் வழியே திருத்தப்படுவதால் பிசகுவதில்லை. ஆயினும் உள்ளுக்குள் அதுவும் கிரீன்விச் நேரத்தையே ஒத்த உலக நேரத்தில் ஓடுகிறது. ஆகவே அதில் எகானமி 7 வைத்திருப்பவரும் கோடைக்கால மணியை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது நலம். தவிர, லட்சக்கணக்கான வீடுகள் ஒரே வினாடியில் சுமையேற்றினால் மின்வலை தாங்காதென்பதால், மீட்டருக்கு மீட்டர் அரை மணிக்கு உட்பட்ட ஒரு தற்செயல் தாமதத்தை வைக்கவும் இடமுண்டு. மலிவு நேரத்தின் முதல் நிமிஷத்திலேயே டைமரை வைப்பவர் அதைச் சற்றுத் தள்ளி வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஹீட்டர்களுக்குத் தனி இணைப்பு உள்ள வீடுகளில், ஐந்து முனையுள்ள மீட்டர்தான் பொருத்த வேண்டுமென்பதை நாள் குறிக்கும்போதே சொல்லிவிட வேண்டும். வந்தவர் சாதாரண மீட்டருடன் வந்து திரும்பிப் போவதைப் பலர் அனுபவித்திருக்கிறார்கள்.

மின்சாரக் கார் வைத்திருப்பவருக்கு எகானமி 7-ஐ விடச் சிறந்தவை இன்று உண்டு. நான்கைந்து மணி நேரமே நீடித்தாலும் இரவு விலை மிகத் தாழ்ந்திருக்கும் கட்டணங்களில், 7.4 கிலோவாட் சார்ஜர் ஐந்து மணியில் 37 யூனிட்டைக் காருக்குள் செலுத்திவிடும். பல நாள் ஓட்டத்துக்கு அது போதும். ஆனால் அதே கட்டணத்தை ஸ்டோரேஜ் ஹீட்டர் உள்ளவர் எடுத்தால், கற்கள் முழுவதும் சூடேறுவதற்குள் மலிவு நேரம் முடிந்துவிடும். அரை மணிக்கொரு விலை என்று நாளை 48 கூறாக்கி, மறுநாள் விலையை முந்தின நாளே அறிவிக்கும் கட்டணங்களும் உண்டு. காற்று பலமாக வீசும் இரவுகளில் விலை பூஜ்யத்துக்குக் கீழே போவதும், குளிர்கால மாலைகளில் மிக உயர்வதும் அவற்றின் இயல்பு. தினந்தோறும் விலைப்பட்டியல் பார்க்கும் பொறுமையும், மாலை நான்கு முதல் ஏழு வரை அடுப்பை மூட்டாதிருக்கும் சுதந்திரமும் உள்ளவருக்கு அது உகந்தது. குழந்தைகள் பள்ளியிலிருந்து பசியோடு வரும் வீட்டுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

எரிவாயு இருந்து, காரும் இல்லாத குடும்பம் ஒருவிகிதத்தில் நிம்மதியாக இருக்கலாம். பழைய குடித்தனக்காரர் விட்டுப்போன இரட்டை மீட்டர் சுவரில் இருந்தாலும், அதை ஒருவிகிதமாகக் கணக்கிடும்படி கேட்டால் ஒப்புக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. ஸ்டோரேஜ் ஹீட்டர் வீட்டுக்காரர் எகானமி 7-ஐ விடவேண்டியதில்லை. ஒரு குளிர்கால மாதத்தின் இரு எண்களையும் எடுத்து மேற்சொன்ன வகுத்தலைச் செய்து பார்த்தபின் முடிவு செய்யட்டும். மீட்டரை மாற்ற ஆள் வரும் நாளில், பழைய மீட்டர் கழற்றப்படுவதற்கு முன் அதன் இரண்டு எண்களையும், எது இரவுக்குரியது என்ற குறிப்புடன், தேதி தெரியும்படி படம் எடுத்து வைக்க வேண்டும். கழற்றிக் கொண்டுபோன பிறகு அந்த எண்களுக்கு வேறு சாட்சியில்லை.