அஸ்திவாரக் குழியருகே நிற்கப்போகும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

மாடம்பாக்கத்தில் வீடு கட்டுவதற்கு முன் ஒரு மனையின் மண்ணைப் பார்த்துப் பதிவு செய்யும் வேலை கிடைத்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். சோழர் காலத்துக்கு முந்தையது ஏதும் கிடைக்காமல் போய்விடுமோ என்ற கவலையும் உன் கடிதத்தில் தெரிந்தது. அந்தக் கவலையை முதலில் விடு. பல்லாவரத்தில் கிடைத்த பழைய கற்காலக் கருவிகளும் ஈமப் பேழையும் நம் எல்லோர் கண்ணையும் நிரப்பிவிட்டன. அந்த ஆசையில் மேல் மண்ணை அவசரமாக வாரிக் கொட்டுகிறோம். நாம் கொட்டும் மண்ணில்தான் சோழர் காலத்து ஊர் இருக்கிறது.

மாடம்பாக்கத்தில் சோழர் காலத் தேனுபுரீசுவரர் கோயில் கல்லாக நிற்கிறது, கல்வெட்டுகளும் இருக்கின்றன. யார் நிலம் கொடுத்தார், யார் விளக்கெரிக்க ஏற்பாடு செய்தார் என்றெல்லாம் இப்படிப்பட்ட கல்வெட்டுகளில் படிக்கலாம். கொடுத்தவர் வீட்டு அடுப்பு எந்தப் பக்கம் இருந்தது, எந்தப் பானையில் பொங்கினார்கள் என்பதைச் சுவர் சொல்லாது. கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளமும் கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் சீனப் பீங்கானும் வந்தன. அது அரண்மனை. சாதாரண ஊரில் மண்சுவரும் கீற்றுக் கூரையும்தான். கரைந்து போன மண்சுவர் வெறும் மண்ணாகத்தான் தெரியும். கரண்டியால் மெல்லச் சீவி, தண்ணீர் தெளித்துப் பார். மிதிபட்டு இறுகிய தரை ஒரு மெல்லிய பட்டையாகத் தெரியும். அதன்மேல் சாம்பல், சிவப்புப் பானையின் விளிம்பு, கம்பம் நட்ட குழியின் கறுத்த வட்டம். இவ்வளவுதான் கிடைக்கும். இது போதும்! அளவுகோலை வைத்துப் படம் எடு, வரை, பிறகு அடுத்த அடுக்குக்குப் போ. செப்டிக் டேங்குக்கும் போர்வெல்லுக்கும் தோண்டிய பழைய குழிகளைத் தனியே குறித்துவிடு. அவற்றில் கலந்த பானை ஓடுகளுக்குக் காலம் சொல்லாதே.

மண்வெட்டி எடுக்கும் முன்பே கிராம நிர்வாக அலுவலகத்தில் 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்த்து வை. நத்தம் எது, ஏரி உள்வாய் எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. உள்வாய் மண்ணில் குடியிருப்பைத் தேடி நாளைக் கழிக்க மாட்டாய்.

மனைக்காரரை எதிரியாக நினைக்காதே. தொல்சின்னங்கள் பற்றிய 2010ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி, மத்திய அரசால் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு வெளியே அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். மனை வாங்கிய பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது. வங்கிக் கடன் வட்டி ஓடுகிறது, வாடகை வீட்டில் குடும்பம் இருக்கிறது. எத்தனை நாளில் முடிப்பாய் என்று முதலிலேயே சொல். சொன்ன நாளில் முடித்துக் கொடு. என்ன கிடைத்தது என்று குழியில் இறக்கிக் காட்டு. அதை அவர் பிள்ளைகளும் பார்க்கட்டும்.

என் மனத்தை அரிப்பது அந்தப் பாதுகாப்பு வளையத்துக்கு வெளியே இருக்கும் நிலம். இங்கிலாந்தில் 1990 முதலே, கட்டுமானத்துக்கு முன் தொல்லியல் ஆய்வு செய்யும் செலவு பெரும்பாலும் கட்டுபவரைச் சேர்ந்தது. சேலையூரிலும் இராஜகீழ்ப்பாக்கத்திலும் அப்படி ஏதும் இல்லை, ஜேசிபி வந்தால் ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால் யார் தோண்டும் குழியும் நமக்கு ஆய்வுக் குழிதான். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கற்கோடரியைக் கண்டது அகழாய்வில் அல்ல, சரளை எடுக்க யாரோ வெட்டிய குழியில். அவர் அங்கே போய் நின்றார், அவ்வளவுதான்.

ஆகவே தாம்பரத்துக்குத் தெற்கே வேலை செய்யும் மேஸ்திரிகளின் கைபேசி எண்களை வாங்கி வைத்துக்கொள். பழைய செங்கல், உறைகிணறு, கனமான ஓடு எது வந்தாலும் ஒரு போன் போடச் சொல். சிலையோ காசோ வந்தால் மாவட்ட ஆட்சியருக்குச் சொல்ல வேண்டும் என்பதையும், மறைத்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் பாயும் என்பதையும் பயமுறுத்தாமல் எடுத்துச் சொல். அழைப்பு வந்தால் அன்றே போ. மறுநாள் கான்கிரீட் போட்டுவிடுவார்கள்.

அன்புடன்,
உன் அண்ணன்