உமிக்கரியும் எங்கள் வீட்டுக் கிணறும்

எங்கள் உம்மம்மா இன்றைக்கும் உமிக்கரியால்தான் பல் துலக்குவார். சென்ற வருடம் ராத்தாவுக்குக் குழந்தை பிறந்தபோது, பால்மா கரைக்க எந்தத் தண்ணீரை எடுப்பது என்ற கேள்வி வீட்டில் எழுந்தது. "ரெண்டு சாக்கு உமிக்கரிய கிணத்துக்குள்ள கொட்டுங்க. எல்லா அழுக்கையும் அது இழுத்துரும்" என்றார் உம்மம்மா. உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்கும் என்னைப் பார்த்து, "என்ன புள்ள, நான் சொல்றது சரிதானே?" என்றும் கேட்டார். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததையே இங்கு எழுதுகிறேன்.

நமது நெல் ஆலைகளின் பின்புறம் உமி மலையாகக் குவிந்து கிடக்கிறது. அதைத் திறந்த வெளியில் முற்றாக எரித்தால் புகையும் சாம்பலுமே மிஞ்சும். ஒட்சிசன் மிகக் குறைந்த கலனில் 350 முதல் 700 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால், உமியின் காபனில் ஒரு பகுதி கரியாக நிலைத்துவிடும். இதுவே உயிர்க்கரி. அதனுள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்துள்ளன. சில வகைகளில் ஒரு கிராம் கரியின் மேற்பரப்பு 100 சதுர மீற்றரையும் தாண்டும். மாசுப் பொருட்கள் இந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்வதையே புறத்துறிஞ்சல் என்கிறோம். பொதுவாகக் கரியின் பரப்பில் மறை ஏற்றம் இருப்பதால், நேர் ஏற்றமுள்ள உலோக அயன்களை அது நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. பேராசிரியை மெத்திகா விதானகேயும் அவரது குழுவினரும் வஸ்கமுவப் பகுதியின் சேர்ப்பன்ரைன் மண்ணை ஆராய்ந்தார்கள். இம்மண்ணில் நிக்கல், குரோமியம், மங்கனீசு ஆகியவை இயற்கையாகவே அதிகம். விறகிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது மிஞ்சும் கரியை அதில் கலந்து தக்காளி நட்டார்கள். 2015இல் வெளியான முடிவின்படி, 5 சதவீதம் கரி கலந்த மண்ணில் வளர்ந்த செடிகளில் அந்த உலோகங்கள் 93 முதல் 97 சதவீதம் வரை குறைந்திருந்தன. உலோகங்கள் மண்ணைவிட்டுப் போகவில்லை. செடிக்குள் ஏறாதபடி கரி அவற்றைப் பிடித்து வைத்தது.

இதே ஆய்வாளர்கள் உமிக்கரியைக் கொண்டு காபோபியூரான் என்ற பூச்சிநாசினியை நீரிலிருந்து அகற்றியும் பார்த்தார்கள். 700 பாகையில் தயாரித்து நீராவியூட்டிய கரியே சிறப்பாக வேலை செய்தது. ஆகவே எந்த வெப்பத்தில், எப்படிச் செய்த கரி என்பதும் முக்கியம்.

அப்படியானால் உம்மம்மா சொன்னது சரிதானா? எங்கள் கிணற்றைப் பொறுத்தவரை இல்லை. நமது கரையோரம் மணற்பாங்கானது, வீடுகள் நெருக்கமானவை. கிணறும் மலசலகூடக் குழியும் ஒரே வளவுக்குள் இருக்கின்றன. கழிவிலுள்ள அமோனியாவை மண்ணின் பற்றீரியாக்கள் நைத்திரேற்றாக மாற்றுகின்றன. அது மழைநீரோடு மணலூடாக எளிதில் இறங்கிவிடும். நைத்திரேற்று மறை ஏற்றமுள்ள அயன். கரியின் பரப்பும் மறை ஏற்றமுடையது. ஒன்றையொன்று தள்ளுவதால் சாதாரண உமிக்கரி அதைப் பிடிப்பதில்லை. உப்பையும் அது நீக்காது, கிருமிகளையும் கொல்லாது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், நைத்திரேற்று போகாது.

குழந்தைகளுக்கு இது ஆபத்து. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அளவு மிஞ்சினால் பால்மா குடிக்கும் பச்சிளம் குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழந்து, உடல் நீலம் பாரிக்கலாம். தெளிவாகவும் சுவையாகவும் இருக்கும் தண்ணீரிலும் இது மறைந்திருக்கும்.

இதையெல்லாம் உம்மம்மாவுக்கு விளக்கினேன். குழந்தைக்குக் குழாய் நீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுத்தோம். இரண்டு சாக்குக் கரியும் கூட்டெருவோடு கலந்து கத்தரிப் பாத்திக்குப் போனது. கரி நீரையும் பசளையையும் தேக்கி வைப்பதால் நமது மணல் மண்ணுக்கு அதுவே பொருத்தமான இடம்.

கிணறுள்ள வீட்டுத் தோழியரே, பெற்றோரே! கரியைக் கொட்டுவதற்கு முன் தண்ணீரில் என்ன இருக்கிறதென்று அறியுங்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு, ஒரு போத்தல் கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மருந்து நல்லதுதான், நோய் எதுவென்று முதலில் தெரிய வேண்டும்.