மழை எட்டாத மலையூர்: கிப்பர் கிராமமும் அதன் தண்ணீர்க் கணக்கும்

மலை என்ற சொல்லைக் கேட்டதும் தமிழர் மனத்தில் தோன்றுவது அருவியும் சோலையும்தான். குறிஞ்சி நிலம் என்று பள்ளியில் நாம் படித்தது அதுவே. கோடை விடுமுறையில் சென்று பார்த்த உதகையும் கொடைக்கானலும் அதுவே. ஆனால் தில்லியில் வாழும் நமக்கு வடக்கே, ஒன்றிரண்டு நாள் பயணத் தொலைவில், மரமே இல்லாத மலைகள் இருக்கின்றன. மழை அங்கே எட்டிப் பார்ப்பது அரிது. அங்கும் மக்கள் பல தலைமுறைகளாக உழுது, விதைத்து, அறுத்து வாழ்ந்து வருகிறார்கள். அத்தகைய ஊர்களுள் ஒன்று இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கிலுள்ள கிப்பர். அங்கு இருமுறை சென்று தங்கிக் கண்டதையும் கேட்டதையும், பின்னர் படித்தறிந்ததையும் இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறேன்.

இவ்வூரைப் பார்த்து, "ஐயோ பாவம், எந்த வசதியும் இல்லையே" என்று இரங்குபவர்கள் உண்டு. "நகரத்தின் கறை படியாத சொர்க்கம்" என்று வியப்பவர்களும் உண்டு. இவ்விரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு, இவ்வளவு கடுமையான இடத்தில் ஓர் ஊர் எப்படி நிலைத்து நின்றது, இப்போது அதன் நிலை என்ன என்று கேட்டால் கற்றுக்கொள்ளப் பல செய்திகள் கிடைக்கின்றன.

இருப்பிடமும் பாதையும்

ஸ்பிதியின் தலைமையிடமான காஜா ஏறத்தாழ 3,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து கீ என்னும் புகழ்பெற்ற பௌத்த மடத்தைக் கடந்து சுமார் 20 கிலோமீட்டர் மேலேறினால் கிப்பர். உயரம் ஏறத்தாழ 4,200 மீட்டர். நம் உதகையைப் போல் கிட்டத்தட்ட இரு மடங்கு. ஊரில் உள்ளவை சுமார் 80 குடும்பங்கள். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி லாஹௌல் - ஸ்பிதி மாவட்டம் முழுவதிலுமே 31,564 பேர்தான். ஒரு சதுர கிலோமீட்டருக்கு இருவர் என்பது கணக்கு.

தென்மேற்குப் பருவக்காற்றை இமயத்தின் தெற்குத் தொடர்களே தடுத்து நிறுத்திவிடுகின்றன. மணாலிப் பக்கம் கொட்டித் தீர்க்கும் மழை, ரோதாங் கணவாயைத் தாண்டும்போது பெரும்பாலும் ஓய்ந்துவிடுகிறது. ஸ்பிதிக்குக் கிடைக்கும் நீரில் பெரும்பகுதி குளிர்காலத்தில் விழும் பனிதான். ஆகவே இதனைக் குளிர்ப் பாலைவனம் என்கிறார்கள். குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 30 பாகை வரை இறங்குவதுண்டு.

மணாலியிலிருந்து காஜாவுக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். இடையில் உள்ள குன்சும் கணவாய் 4,500 மீட்டருக்கு மேல் உயரமுடையது. குளிர்காலத்தில் பல மாதங்கள் மூடிக் கிடக்கும். 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை ரோதாங் தடையை நீக்கி லாஹௌல் மக்களுக்குப் பேருதவி செய்தது. ஆயினும் குன்சும் இருக்கும் இடத்திலேயே இருக்கிறது. குளிர்காலத்தில் ஸ்பிதிக்காரர்களுக்குக் கின்னௌர் வழியாகச் சிம்லா செல்லும் சாலைதான் கதி. அது 400 கிலோமீட்டருக்கு மேல். பனிச்சரிவோ நிலச்சரிவோ ஏற்பட்டால் அதுவும் அடைபடும்.

உயரம் சமைக்கும் உணவு

கடல்மட்டத்தில் உள்ள காற்றழுத்தத்தில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான் இங்கு உண்டு. அதனால் தண்ணீர் சுமார் 86 பாகையிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே தவிர, பருப்பு வேகாது. பிரஷர் குக்கர் வருமுன் இங்கு சாதமும் சாம்பாரும் சமைக்க முயன்றிருந்தால் அடுப்பில் எருவெல்லாம் தீர்ந்திருக்கும், பருப்பு மட்டும் அப்படியே இருந்திருக்கும்!

இவ்வூராரின் பழைய உணவான "சம்பா" இதற்கு விடை சொல்கிறது. பெயரைக் கேட்டு நம் சம்பா நெல்லை நினைக்க வேண்டாம். பார்லியைச் சுடுமணலில் வறுத்து அரைத்த மாவு இது. வறுக்கும்போதே வெந்துவிடுவதால் மீண்டும் கொதிக்க வைக்கத் தேவையில்லை. உப்பிட்ட வெண்ணெய்த் தேநீரில் பிசைந்து உண்ணலாம். விறகே இல்லாத ஊரில் எரிபொருளை மிச்சப்படுத்தும் உணவு அது. அடுப்பு எரிப்பது கால்நடைச் சாணத்தையும் மலையில் வளரும் முட்புதர்களையும் கொண்டுதான்.

தண்ணீரின் கணக்கு

இனி இக்கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். கிப்பரில் நிலத்துக்குப் பஞ்சமில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வெற்று நிலம்தான். பஞ்சம் தண்ணீருக்கு. எவ்வளவு நீர் வருகிறதோ அவ்வளவுதான் வயல். எவ்வளவு வயலோ அவ்வளவுதான் ஊர்.

மேலேயுள்ள பனி உருகி வரும் நீரை "கூல்" எனப்படும் வாய்க்கால்கள் மூலம் மலைச்சரிவின் குறுக்கே ஊருக்குக் கொண்டுவருகிறார்கள். சில வாய்க்கால்கள் பல கிலோமீட்டர் நீளமுடையவை. தலைமடையில் கல்லும் மண்ணும் அடைக்காமல் ஆண்டுதோறும் சீர்செய்ய வேண்டும். பனி பகலில் உருகும். இரவில் நீர்வரத்து குறையும். ஆகவே ஊர்க்கு மேலே ஒரு குளம் அமைத்து, இரவெல்லாம் சொட்டும் நீரைத் தேக்கி, காலையில் மடை திறக்கிறார்கள். மாலைக்குள் குளம் காலியாகிவிடும். மறுபடி இரவில் நிறையும்.

இந்த நீரை யார், எந்த நாளில், எவ்வளவு நேரம் எடுப்பது என்பதற்கு முறை உண்டு. வாய்க்காலைச் செப்பனிட வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்பதும் முறை. நம் ஏரிப் பாசன ஊர்களில் நீர்க்கட்டியும் குடிமராமத்தும் இருந்ததை அறிந்த வாசகர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. வேறுபாடு ஒன்றுதான். நம் ஊரில் ஏரி தூர்ந்தால் கிணறு வெட்டினோம், பின்னர் ஆழ்துளைக் கிணறு இறக்கினோம். இங்கு அத்தகைய மாற்றுவழி எளிதில் இல்லை. முறை குலைந்தால் அந்த ஆண்டே விளைச்சல் போய்விடும்.

நிலமும் குடும்பமும்

வயல் பெருக முடியாது என்றால் குடும்பமும் பிரிய முடியாது. ஸ்பிதியின் மரபுப்படி வீடும் நிலமும் நீர் உரிமையும் மூத்த மகனுக்கே. அவன் திருமணமாகிப் பொறுப்பேற்றதும் பெற்றோர் "காங்சென்" என்னும் பெரிய வீட்டைவிட்டு "காங்சுங்" என்னும் சிறிய வீட்டுக்குக் குடிபோவார்கள். இளைய மகன்களில் பலர் மடத்தில் சேர்ந்து துறவியாவார்கள். இதனால் பல தலைமுறைகளாக நிலம் துண்டாகவில்லை.

இதனைப் பாராட்டும் பொழுதே இதன் சுமை யார்மேல் விழுந்தது என்பதையும் சொல்லவேண்டும். இளையவனுக்கு நிலமில்லை. பெண்களுக்கு மரபு வழக்கில் நிலத்தில் பங்கில்லை. ஆனால் களையெடுப்பதிலிருந்து சாணம் சுமப்பது வரை வயல்வேலையில் பெரும்பங்கு அவர்களுடையது. ஊர் நிலைத்தது உண்மை. அந்த நிலைப்புக்கு விலை கொடுத்தவர்கள் இருந்தார்கள் என்பதும் உண்மை.

வீட்டின் அமைப்பிலும் இதே சிக்கனத்தைக் காணலாம். தட்டையான கூரைமேல் குளிர்காலத்துக்கான வைக்கோலும் புல்லும் அடுக்கப்பட்டிருக்கும். கழிப்பறையில் தண்ணீருக்கு இடமில்லை. மேல்தளத்தில் ஒரு துளை. அருகில் மண்ணும் சாம்பலும் குவித்திருக்கும். கீழே சேர்ந்து மக்கியது வசந்த காலத்தில் வயலுக்கு எருவாகப் போகும். நான் தங்கிய வீட்டுப் பாட்டியம்மா இந்தியில் சொன்னார்: "நீங்கள் தில்லியில் இதை நதியில் விடுகிறீர்கள், நாங்கள் வயலில் இடுகிறோம்." யமுனைக் கரைவாசியான என்னால் மறுத்துப் பேச முடியவில்லை.

கால்நடையும் பனிச்சிறுத்தையும்

சாமரம் வீசும் கவரி எந்த விலங்கின் வால்முடியோ, அந்த யாக் இங்கு வீட்டு விலங்கு. யாக்கும் பசுவும் கலந்த கலப்பின மாடுகள், குதிரை, கழுதை, செம்மறி, வெள்ளாடு ஆகியவையும் உண்டு. உழவும் எருவும் கம்பளியும் இவற்றால்தான். பழங்காலத்தில் கிப்பர் மக்கள் 5,500 மீட்டருக்கு மேற்பட்ட பராங் கணவாயைக் கடந்து லடாக்கின் மேய்ச்சல்காரர்களுடன் பண்டமாற்று நடத்தினார்கள். நமக்கு ஊர்க்கோடியாகத் தோன்றும் கிப்பர், அந்த வணிகப் பாதையில் ஒரு வாசலாக இருந்தது.

மலையில் பனிச்சிறுத்தையும் ஓநாயும் உண்டு. வளர்ப்பு விலங்குகள் பெருகி மேய்ச்சல் நிலம் தேய்ந்தபோது, பாரல் என்னும் காட்டாடுகளுக்குப் புல் குறைந்தது. இரை குறைந்த சிறுத்தை பட்டிக்கு வந்தது. ஒரு குதிரையையோ யாக்கையோ இழப்பது ஏழைக் குடும்பத்துக்குப் பெரும் அடி. சினம் சிறுத்தைமேல் திரும்புவது இயல்பே.

மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் 1990-களின் இறுதியில் ஊராருடன் பேசி ஓர் உடன்பாடு கண்டார்கள். ஊரின் மேய்ச்சல் நிலத்தில் சுமார் 500 ஹெக்டேர் மேய்ச்சலின்றி விடப்பட்டது. அதற்கு ஈடாக ஊருக்குத் தொகை தரப்பட்டது. 2002 முதல் கால்நடைக் காப்பீடும் தொடங்கியது. உரிமையாளர்கள் சந்தா செலுத்துவார்கள். இழப்பு நேர்ந்தால் ஊர்க்குழுவே ஆராய்ந்து ஈடு வழங்கும். பக்கத்து வீட்டுக்காரரே சரிபார்ப்பதால் பொய்க் கணக்குக்கு இடம் குறைவு. வாய்க்கால் நீரைப் பங்கிட்டுப் பழகிய ஊருக்கு இழப்பைப் பங்கிடுவது கடினமாக இருக்கவில்லை என்பதே என் கருத்து.

பட்டாணியும் பாலமும்

1980-களில் ஸ்பிதியில் பச்சைப் பட்டாணிப் பயிர் பரவத் தொடங்கியது. சமவெளியில் பட்டாணி குளிர்காலப் பயிர். ஸ்பிதியிலோ அது ஆகஸ்டு, செப்டம்பரில் பறிக்கப்படுகிறது. அந்தப் பருவத்தில் சந்தையில் வேறு புதுப் பட்டாணி குறைவாதலால் நல்ல விலை. ஆகஸ்டு மாதம் நம் வீட்டில் மட்டர் பனீர் செய்ய வாங்கும் பட்டாணி இவ்வூர்களிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

இந்தப் பணத்தால் பிள்ளைகள் காஜாவிலும் சிம்லாவிலும் படிக்கிறார்கள். வீடுகளில் எரிவாயு வந்தது. இளைய மகனுக்கும் மடத்தைத் தவிர வேறு வழி பிறந்தது. இவை சிறிய பேறுகள் அல்ல. ஆனால் பார்லி வயல் குறைந்தது. அதனுடன் வைக்கோலும் குறைந்தது. முன்பு மூட்டை கட்டி வைத்த தானியம் அடுத்த ஆண்டுக்கும் நின்றது. பறித்த பட்டாணி சில நாள் நிற்காது. ஆகஸ்டில் சாலை அடைபட்டால் ஓர் ஆண்டு வருமானம் மூட்டையிலேயே வாடிவிடும். முன்பு பனியை மட்டும் நம்பிய ஊர், இப்போது பனியையும் சாலையையும் சேர்த்து நம்பவேண்டியிருக்கிறது.

சாலையின் அருமையை அறிய வேண்டுமானால் எதிர்ப்புறம் உள்ள சிச்சாம் கிராமத்தைக் கேட்கவேண்டும். கிப்பருக்கும் அதற்கும் இடையே ஆழமான மலைப்பிளவு. 2017-ல் பாலம் திறக்கும்வரை, கம்பிக் கயிற்றில் தொங்கும் கூண்டில் அமர்ந்து கையால் இழுத்துக் கடந்தார்கள். ஸ்பிதியிலேயே உள்ள கியூ கிராமத்துக்கு முதன்முறையாகக் கைப்பேசித் தொடர்பு கிடைத்தது 2024 ஏப்ரலில். நோயாளியையோ பிரசவ வலியில் உள்ள பெண்ணையோ கொண்டு செல்லவேண்டிய வீட்டாரிடம் தனிமையின் அழகைப் பற்றிப் பேச நமக்கு உரிமையில்லை.

இன்றைய கவலை

இமயத்தின் பனியாறுகள் சுருங்கி வருகின்றன. கிப்பர் போன்ற ஊர்களைப் பெரிதும் தாக்குவது குளிர்காலப் பனி குறைவதுதான். சனவரியில் விழவேண்டிய பனி விழாவிட்டால், மே மாதம் விதைக்கும்போது வாய்க்காலில் நீர் வராது. லடாக்கில் பொறியாளர் செவாங் நோர்பெல் குளிர்கால நீரை உறையவைத்துச் செயற்கைப் பனியாறு அமைத்தார்; சோனம் வாங்சுக் 2013-14 குளிர்காலத்தில் கூம்பு வடிவப் பனித்தூபியை முயன்று காட்டினார். இவை உதவும். ஆனால் அவற்றைக் கட்டவும் காக்கவும் ஊரில் ஆட்கள் வேண்டும். வாய்க்கால் வேலைக்கு வீட்டுக்கு ஓர் ஆள் என்ற முறை, இளைஞர்கள் எல்லாரும் நகரத்தில் இருக்கும்போது எப்படி நடக்கும்? கூலிக்கு ஆள் வைத்து ஓர் ஆண்டு செய்யலாம். மடை திறக்கும் முறை தெரிந்தவர்களைக் கூலிக்கு வாங்க முடியாது.

ஆகவே கிப்பரின் எதிர்காலம் சாலை வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியில் இல்லை. சாலை வந்துவிட்டது, வந்ததும் நல்லதே. அந்தச் சாலையில் வெளியே போன பிள்ளைகள் திரும்பி வந்து வாழத்தக்க வருமானமும் மருத்துவமும் ஊரில் கிடைக்குமா, பெண்களுக்கும் இளையவர்களுக்கும் இடம் தந்து பழைய பங்கீட்டு முறை புதுப்பிக்கப்படுமா என்பதே கேள்வி.

செல்ல விரும்பும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. சிம்லா வழியாகச் சென்றால் உயரம் படிப்படியாக ஏறும், உடல் பழகிக்கொள்ளும். காஜாவில் ஓரிரு நாள் தங்கிய பின்னரே கிப்பருக்கு ஏறுங்கள். ஊரார் வீடுகளிலேயே தங்குங்கள். பணம் அவர்களிடம் சேரும். நாளுக்கு இரண்டு வாளி குளியலை அங்கு எதிர்பார்க்க வேண்டாம். நீங்கள் கேட்கும் வாளித் தண்ணீர் யாரோ ஒருவருடைய வயலின் பங்கு.