அரிச்சுவடிக்கு விற்ற மேலங்கி

பொய் சொன்னால் மூக்கு நீளும் மரப்பாவை என்றதும் ஆறாம் வகுப்பில் பாதிப் பேர் 'பினோக்கியோ' என்று சொல்லிவிடுவார்கள். கார்ட்டூனிலோ கைப்பேசியிலோ பார்த்திருப்பார்கள். ஆனால் இத்தாலிய மூலக்கதையின் 36 அத்தியாயங்களில் பொய்யால் மூக்கு நீளும் இடங்கள் மிகச் சில. கதை முழுக்க நிறைந்திருப்பவை பசியும் குளிரும் கூலி வேலையும் பள்ளிக்கூடமும்தான். ஆசிரியர்கள் இதை மூக்குக் கதையாக மட்டும் சொல்லி முடித்துவிடக் கூடாது என்று நான் கருதுவதற்கு அதுவே காரணம்.

எழுதியவர் கார்லோ கொலோடி. இயற்பெயர் கார்லோ லொரென்சினி. 1826இல் ஃபுளோரன்ஸ் நகரில் பிறந்தவர். கொலோடி என்பது அவருடைய தாயின் ஊர்ப்பெயர். பத்திரிகையாளர். இத்தாலியின் விடுதலைப் போர்களில் 1848இலும் 1859இலும் தொண்டராகச் சென்றவர். பிரெஞ்சுத் தேவதைக் கதைகளை மொழிபெயர்த்தார். நமக்கு முக்கியமானது, அவர் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிப்பு நூல்களும் எழுதியவர் என்பது. அவருடைய 'ஜன்னெத்தீனோ' நூல் வந்த அதே 1877இல்தான் இத்தாலியில் 6 முதல் 9 வயது வரை கல்வியைக் கட்டாயமாக்கும் சட்டமும் வந்தது. சட்டம் வந்தாலும், ஏழை வீட்டுப் பிள்ளையிடம் புத்தகம் வாங்கக் காசு இருக்க வேண்டுமே! நான்கு ஆண்டுகள் கழித்து, 1881 ஜூலையில், ஒரு சிறுவர் இதழில் பினோக்கியோ தொடராக வரத் தொடங்கியது.

இதில் ஜெப்பெட்டோவின் வீட்டைப் பாருங்கள். அடுப்பில் நெருப்பு எரிவது போலத் தெரியும். அது சுவரில் வரைந்த நெருப்பு. மேலே கொதிக்கும் பானையும் ஆவியும்கூடச் சித்திரம்தான். பள்ளிக்குப் போக மகனுக்கு அரிச்சுவடி வேண்டும். கிழவர் ஒட்டுப்போட்ட மேலங்கியை மாட்டிக்கொண்டு வெளியே போகிறார். திரும்பும்போது கையில் அரிச்சுவடி இருக்கிறது, உடம்பில் மேலங்கி இல்லை. வெளியே பனி பெய்கிறது. அங்கி எங்கே என்று மகன் கேட்டால், வெக்கையாக இருந்ததால் விற்றுவிட்டதாகச் சொல்கிறார். பாவைக்கு விஷயம் புரிந்துவிடுகிறது. கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிடுகிறான். ஆனால் பள்ளிக்குப் போகும் வழியில் பொம்மலாட்டக் கொட்டகையின் மேளச் சத்தம் கேட்கிறது. நுழைவுச் சீட்டு நான்கு காசு. பழைய துணி வியாபாரியிடம் அதே நான்கு காசுக்கு அரிச்சுவடியை விற்றுவிடுகிறான்.

வால்ட் டிஸ்னியின் 1940ஆம் ஆண்டுப் படத்தில் இந்தக் காட்சி இல்லை. அங்கே ஜெப்பெட்டோவின் வீடு அழகான கடிகாரங்களும் இசைப்பெட்டிகளும் நிறைந்தது. செல்லப் பூனை உண்டு, தொட்டியில் தங்கமீன் உண்டு. பிள்ளை புத்தகமும் ஆப்பிளுமாகப் பள்ளிக்குக் கிளம்புகிறான். நரியும் பூனையும் ஆசை காட்டிக் கூட்டிப்போய்விடுகின்றன. நூலில் தவறு செய்பவன் பிள்ளை. படத்தில் பிள்ளை ஏமாந்தவன், குற்றம் ஏமாற்றியவர்களுடையது.

காரணமில்லாமல் இப்படி மாற்றவில்லை. முதலில் வரைந்த பாவை மூலத்தைப் போலவே துடுக்கும் மரவிறைப்புமாக இருந்தது. பார்ப்பவர்கள் அதன்மேல் அன்பு கொள்ள மாட்டார்கள் என்று கருதிய டிஸ்னி வேலையையே நிறுத்திவைத்தார். பிறகுதான் உருண்டைக் கன்னமுள்ள சிறுவனாக வரைந்தார்கள். மூலத்தில் நான்காம் அத்தியாயத்திலேயே, புத்திமதி சொன்ன பேசும் சுவர்க்கோழியைப் பினோக்கியோ சுத்தியலால் அடித்துக் கொன்றுவிடுகிறான். படத்தில் அதே சுவர்க்கோழி தொப்பி அணிந்து, மனசாட்சியாகக் கடைசி வரை கூடவே வருகிறது. படத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. கடலடிக் காட்சிகளும், சிறுவன் கழுதையாக மாறும்போது சுவரில் விழும் நிழலும் இன்றும் அசரவைப்பவை. சிறந்த பாடல், சிறந்த இசை என இரண்டு ஆஸ்கர் விருதுகளும் கிடைத்தன.

எட்டாம் வகுப்பில் இரண்டையும் அருகருகே வைத்துப் பாடம் நடத்தினேன். மேலங்கிப் பகுதியை என் தமிழில் சொன்னேன். பிறகு படத்தில் பள்ளிக்குக் கிளம்பும் பகுதியை மட்டும் பத்து நிமிடம் காட்டினேன். என்ன மாறியிருக்கிறது என்பது மட்டுமே கேள்வி. "படத்துல அப்பா வசதியானவரு சார், புத்தகத்துக்குக் கஷ்டமே இல்ல" என்றாள் ஒரு மாணவி. "கதையில அவன் ஏன் அப்பாகிட்டயே நாலு காசு கேக்கல?" என்றான் ஒருவன். "இருந்திருந்தா கோட்ட வித்திருப்பாரா?" என்று பின் வரிசையிலிருந்து பதில் வந்தது. நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்து வந்த கேள்விதான் கடினமானது. வாரத்தில் ஒருநாள், சில வாரம் இரண்டு நாள் வேலைக்குப் போய்விடும் மாணவன் கேட்டான்: "ஸ்கூலுக்கு வராதவங்க எல்லாரும் கழுதையாயிடுவாங்களா சார்?"

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. இந்தக் கதையை மிரட்டலாகச் சொன்னால் அது யாரைப் போய்ச் சுடும் என்பதை இந்தக் கேள்வி காட்டிவிடுகிறது. மூலத்தையே எடுத்துக்காட்டிப் பதில் சொன்னேன். விளையாட்டு நாட்டுக்குப் போன பிள்ளைகளே கழுதையாகிறார்கள். அவர்களை வண்டியில் அழைத்துப்போனவன் கழுதைகளைச் சந்தையில் விற்றுக் கோடீஸ்வரன் ஆகிறான். கொலோடி அதை மறைக்கவில்லை. பினோக்கியோவின் நண்பன் லுசிஞோலோ ஒரு தோட்டக்காரரிடம் உழைத்துத் தேய்ந்து, தொழுவத்தில் கழுதையாகவே செத்துப்போகிறான். படத்தில் அந்த நண்பன் கழுதையானதோடு சரி, பிறகு வருவதில்லை.

அந்தக் கழுதை செய்த வேலையைப் பினோக்கியோ ஏற்றுக்கொள்கிறான். நோயாளி அப்பாவுக்கு ஒரு குவளைப் பால் வேண்டும். அதற்கு நூறு வாளித் தண்ணீர் இறைக்க வேண்டும். ஐந்து மாதத்துக்கும் மேலாக விடியுமுன் எழுந்து இறைக்கிறான். கூடை முடையவும் கற்றுக்கொள்கிறான். இரவில் படிக்கிறான், எழுதுகிறான். அவன் பையனாக மாறுவது இந்த உழைப்புக்கும் படிப்புக்கும் பிறகுதான். வேலைக்குப் போகும் பிள்ளையை இழிவாகப் பார்க்கும் கதை அல்ல இது. அந்த மாணவனிடம் இதைத்தான் சொன்னேன். பிறகு, அவன் வராத நாட்களின் பாடத்தை யார் சொல்லித்தருவது என்று வகுப்பிலேயே பேசி இரண்டு பேரைப் பொறுப்பாக்கினோம்.

நடைமுறைக்குச் சில குறிப்புகள். தொடரின் முதல் பகுதி 15ஆம் அத்தியாயத்தில் பினோக்கியோவை ஓக் மரத்தில் தூக்கிலிடுவதோடு முடிந்தது. வாசகர்கள் கேட்டதால்தான் கொலோடி மேலே எழுதினார். தொடக்க வகுப்புகளில் அந்தப் பகுதி வேண்டாம். மேலங்கியும் சுவரில் வரைந்த பானையும் போதும். ஒன்பதாம் வகுப்புக்கு, பொற்காசு பறிகொடுத்துப் புகார் சொல்ல வந்த பினோக்கியோவையே சிறைக்கு அனுப்பும் கொரில்லா நீதிபதியைச் சொல்லலாம். சமூக அறிவியல் ஆசிரியருக்கு ஒரு பாடவேளை நிறையும். மேலங்கியைத் திரையில் காட்ட விரும்பினால் மத்தேயோ கரோனே இயக்கிய 2019ஆம் ஆண்டு இத்தாலியப் படம் உண்டு. ரொபெர்த்தோ பெனீனி அதில் ஜெப்பெட்டோ. 2002இல் பினோக்கியோவாகவே நடித்தவர் அவர்.

செயல்பாடு ஒன்றும் கதைக்குள்ளேயே இருக்கிறது. இரவில் எழுத மையோ பேனாவோ இல்லாத பினோக்கியோ, ஒரு குச்சியைச் சீவிக்கொண்டு பழச்சாற்றில் தொட்டு எழுதுகிறான். எங்கள் பள்ளியில் நாவற்பழக் காலம் வரும்வரை காத்திருந்து இதைச் செய்தோம். சாறு தாளில் ஊறிப் பரவியதால் பெரிய எழுத்துகள்தான் எழுத முடிந்தது. பலரும் முதலில் தம் பெயரை எழுதினார்கள். சிலர் அப்பா பெயரை எழுதினார்கள்.