பிறர்க்காகப் பேசும் வாய்மை



"எனக்கு எப்போதும் வெட்டு ஒன்று, துண்டு இரண்டுதான். மனத்தில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன்" என்று பெருமையோடு கூறுவாரை நாம் காண்கிறோம். "நமக்கு ஏன் ஊர் வம்பு? வாயைத் திறவாதிருந்தால் பாவமும் இல்லை, பகையும் இல்லை" என்று ஒதுங்குவாரையும் காண்கிறோம். முன்னவர் தம் பேச்சுக்குச் சத்தியம் என்று பெயர் சூட்டுகிறார். பின்னவர் தம் மௌனத்துக்கு வசன குப்தி என்று பெயர் சூட்டுகிறார். இப்பெயர்கள் பொருந்துமா என்பதை ஆன்றோர் நூல்களின் துணைகொண்டு ஆராய்வோம்.

வாய்மை விரதத்தின் எல்லை

உமாஸ்வாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் விரதங்களை விளக்குகிறது. அங்கே வாய்மை விரதத்தை உறுதிப்படுத்தும் பாவனைகள் ஐந்து கூறப்பெறுகின்றன. சினத்தை விடுதல், உலோபத்தை விடுதல், அச்சத்தை விடுதல், நகையாட்டை விடுதல், ஆராய்ந்து பேசுதல் என்பன அவை.

இவ்வைந்தையும் சற்றே உற்று நோக்குவோம். சினத்தையும் நகையாட்டையும் விடுக என்னும்போது, நினைத்ததை எல்லாம் கொட்டுவாருடைய நா அடக்கப்படுகிறது. அச்சத்தையும் உலோபத்தையும் விடுக என்னும்போது, ஒதுங்கி நிற்பாருடைய நெஞ்சும் சோதிக்கப்படுகிறது. அஞ்சிப் பொய் உரைப்பது குற்றமாயின், அஞ்சி உண்மையை விழுங்குவது மட்டும் எங்ஙனம் விரதமாகும்?

அதே அத்தியாயம் இவ்விரதத்துக்கு ஐந்து அதிசாரங்களையும் கூறுகிறது. பொய்யான உபதேசம் செய்தல், பிறருடைய மறைபொருளை வெளியிடுதல், பொய்ப் பத்திரம் எழுதுதல், அடைக்கலப் பொருளை அபகரித்தல், முகக்குறிப்பால் பிறர் கருத்தை அறிந்து அதை வெளிப்படுத்துதல் என்பன அவை. இவற்றுள் இரண்டு, உள்ளதையே சொல்வதால் வரும் குற்றங்கள் என்பது கருதத்தக்கது. சமந்தபத்திர ஆசாரியரும் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில், பிறர்க்கு ஆபத்தை விளைவிக்கும் உண்மையைக் கூறலாகாது என்று விதிக்கிறார். மான் எவ்வழி ஓடிற்று என்று வேடன் வினவினால், வழியைக் காட்டுவது சத்தியம் ஆகாது. ஆகவே, "உள்ளதைத்தானே சொன்னேன்" என்பது போதிய விடை அன்று.

இவ்வளவில் நின்று, பேசாதிருத்தலே மேல் எனச் சிலர் முடிவு கட்டுவர். அவர்களுக்கு விடையாக அமைவது மேருமந்தர புராணத்தில் வரும் ஒரு வரலாறு.

அரசி இராமதத்தையின் செயல்

திருப்பருத்திக்குன்றத்தோடு தொடர்புடைய வாமன முனிவர் இயற்றியது மேருமந்தர புராணம். அதில் பத்திரமித்திரன் என்னும் வணிகன், தான் ஈட்டிய மணிகளைச் சிம்மபுரத்து அமைச்சனிடம் அடைக்கலமாக வைத்து, தன் சுற்றத்தாரை அழைத்துவரச் செல்கிறான். அவ்வமைச்சன் உண்மையே பேசுபவன் என்னும் புகழால் சத்தியகோஷன் எனப்பட்டவன். வணிகன் திரும்பி வந்து கேட்டபோது, "நீ யார்? எந்த மணி?" என்கிறான். வணிகனைப் பித்தன் என்று கூறித் துரத்துகிறான். ஊராரும் அதையே நம்புகின்றனர். வழியற்ற வணிகன் அரண்மனைக்கு அருகில் ஒரு மரத்தின்மீது ஏறி, நாள்தோறும் தன் குறையைக் கூவி அழுகிறான்.

அக்குரல் விழாத செவி அந்நகரில் இருந்திராது. ஆயினும் அரசி இராமதத்தை ஒருத்தியே அதைச் செவிமடுத்தாள். பித்தனாயின் பேச்சு நாளுக்கு நாள் மாறும். இவனோ ஒரே சொல்லையே நாள்தோறும் சொல்கிறான் என்பதை உணர்ந்தாள். அதனை அரசன் சிம்மசேனனிடம் எடுத்துரைத்தாள். பின்னர் அமைச்சனோடு சூதாடி, அவனுடைய முத்திரை மோதிரத்தையும் பூணூலையும் வென்றாள். அவற்றை அடையாளமாகத் தோழியிடம் கொடுத்தனுப்பி, மறைத்து வைத்திருந்த மணிச்செப்பை வரவழைத்தாள். அரசன் அம்மணிகளோடு வேறு மணிகளைக் கலந்து வைத்தபோது, வணிகன் தன்னுடையவற்றை மட்டுமே எடுத்துக்கொண்டான். அவனுடைய வாய்மையும் விளங்கியது. அமைச்சனின் பொய்மையும் வெளிப்பட்டது.

அரசியின் செயலில் ஒரு வரிசை இருப்பதைக் காண்க. முதலில் கேட்டாள். பின்பு ஆராய்ந்தாள். நீதி வழங்கும் ஆற்றல் உடையவனிடம் மட்டும் கூறினாள். சான்று கையில் வரும் வரை அமைச்சனைத் தூற்றவில்லை. இதில் அவளுக்கு ஓர் ஊதியமும் இல்லை. துன்புற்றவன் அவளுக்கு உறவினனும் அல்லன்.

குறையை மறைத்தல் அறம் அன்றோ?

இங்கே ஓர் ஐயம் எழலாம். நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் உபகூகனமும் ஒன்று. பிறர் குறையை வெளியிடாது மறைப்பது அது. அவ்வாறாயின் அமைச்சன் குறையையும் மறைத்திருக்க வேண்டாவா?

உபகூகனத்துக்கு எடுத்துக்காட்டாக ஆன்றோர் கூறுவது ஜினேந்திரபக்தன் வரலாறு. க்ஷுல்லகர் வேடத்தில் வந்த கள்வன் ஒருவன், அவ்வணிகன் இல்லத்துப் பார்சுவநாதர் திருவுருவின் குடையில் இருந்த வைடூரியத்தைக் கவர்ந்து ஓடினான். காவலர் துரத்தினர். அறவேடத்துக்குப் பழி வரலாகாது என்று கருதிய ஜினேந்திரபக்தன் அவனைக் காவலரிடமிருந்து விடுவித்தான்; பின்பு தனியே கண்டித்து அனுப்பினான்.

இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்து நோக்கினால் ஐயம் தெளியும். ஜினேந்திரபக்தன் பொறுத்துக்கொண்டது தன் இழப்பை. தன் பொருளை இழந்தவனுக்கு மன்னிக்கும் உரிமை உண்டு. சத்தியகோஷன் கவர்ந்ததோ பத்திரமித்திரனுடைய பொருள். அதனை மன்னிக்க அரசிக்கு உரிமை இல்லை, நமக்கும் இல்லை. தனக்கு இழைக்கப்பட்ட தீங்கை மறைப்பது பொறை. பிறர்க்கு இழைக்கப்பட்ட தீங்கை மறைப்பது அத்தீங்குக்கு உடன்படுதல். தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல் என்னும் மூன்று வழியாலும் வினை வந்து சேரும் என்பதை நாம் அறிவோம்.

நாம் கற்ற பாடம்

இதை நாம் நூலால் மட்டும் கற்றோம் அல்லோம். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரின் ஆலயப் பொதுக்கூட்டத்தில் நாமும் அமர்ந்திருந்தோம். ஆலய நிலத்து நெல்லில் நான்கு மூட்டை குறைந்திருந்தது. நெல் அளந்த கூலியாள்மீது பழி விழுந்தது. செல்வாக்குள்ள ஒருவர், பின்னர்த் தந்துவிடலாம் என்னும் எண்ணத்தோடு, அம்மூட்டைகளைத் தம் வீட்டுத் திருமணத்துக்கு எடுத்துச் சென்றதை நாம் கண்டிருந்தோம். பெரியவர் பெயர் கெடலாகாது, இதுவே உபகூகனம் என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டு வாளா இருந்தோம்.

அடுத்த அறுவடையில் நெல் ஓசையின்றித் திரும்பி வந்தது; கணக்கு நேராயிற்று. கூலியாளின் பெயர் மட்டும் நேராகவில்லை. அவர் குடும்பத்தோடு வேற்றூர் சென்றுவிட்டார். பின்னாளில் அவரைத் தேடிச் சென்று மன்னிப்பு வேண்டினோம். "நீங்கள் பார்த்தீர்கள் என்று எனக்கு அன்றே தெரியும், ஐயா. நீங்கள் சொல்வீர்கள் என்று உங்கள் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார்.

அன்று நம் வாயை அடைத்தது கருணை அன்று, அச்சமே. நாம் செய்திருக்க வேண்டியது அரிதும் அன்று. கூட்டத்துக்கு முன்பே அப்பெரியவரைத் தனியே கண்டு, "தாங்களே சொல்லிவிடுங்கள்" என்று வேண்டியிருக்கலாம். அவர் இசைந்திருந்தால் அவர் மானமும் காக்கப்பட்டிருக்கும். ஏழையின் பெயரும் காக்கப்பட்டிருக்கும். இசையாவிடின் சபையில் எழுந்து கூறியிருக்க வேண்டும்.

பேசும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

1. இது நாம் நேரில் கண்டதா, பிறர் சொல்லக் கேட்டதா? கேட்டதாயின் ஆராயும் வரை நாவை அடக்குக.

2. இழப்பு யாருடையது? நம்முடையதாயின் பொறுக்கலாம். பிறருடையதாயின் பொறுப்பதற்கு நாம் யார்?

3. துன்புறுவோர் நம் பேச்சை விரும்புகின்றனரா? அவர் மறைக்க விரும்புவதை அவர்க்காகவே என்று சொல்லி அம்பலப்படுத்துவதும் அதிசாரமே. கேட்க இயலுமாயின் முதலில் அவரைக் கேட்க வேண்டும். வாயற்ற உயிர்களைக் கேட்க இயலாது. அவற்றுக்காக நாமே பேச வேண்டும்.

4. யாரிடம் கூறினால் தீங்கு நீங்கும்? தவறியவரிடமே தனியே கூறுவது முதற்படி. தீர்க்க வல்லவரிடம் கூறுவது அடுத்த படி. சபையில் கூறுவது இறுதிப் படி. தெருத் திண்ணை இவற்றுள் எதுவும் அன்று.

5. நம் நெஞ்சில் இருப்பது என்ன? சினமோ பெருமையோ ஆயின் சற்றுப் பொறுக்க. அச்சமாயின் துணிக.

தசலக்ஷண பர்வம் நிறைவுற்றதும் ஒருவரையொருவர் மன்னிப்பு வேண்டுவது நம் மரபு. சொன்ன கடுஞ்சொற்களுக்காக நாம் மன்னிப்புக் கேட்கிறோம், அது நன்று. ஒருவருக்காகச் சொல்லியிருக்க வேண்டிய சொல்லைச் சொல்லாது விட்டிருந்தால், அதற்காகவும் அவரிடம் சென்று மன்னிப்பு வேண்டுவோம். அவ்வாறு செல்வதற்கு அந்த ஒரு நாள் வரை காத்திராமல் இருப்போமாக!